தாளம் தப்பாத காட்சி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருவர்)

முன்னுரை

புதுநன்மை விழா, அக்காவின் திருமணம், பங்குத் திருவிழாவின் தேர்பவனி, பள்ளி ஆண்டுவிழா என்று எந்த நிகழ்ச்சியானாலும் இன்று அதனை வீடியோவாகப் பதிவு செய்யாத வீடு அரிது. முன்பெல்லாம் வீடியோக்காரர் காமிராவைத் தோளில் சுமந்து வந்து எடுத்துத் தந்ததை இன்று அப்பாவின் கைபேசியே செய்துவிடுகிறது. எடுத்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, பிடித்த பாட்டு ஒன்றையும் இணைத்து உறவினர்களுக்கு அனுப்பி வைக்கிறோம். அவற்றுள் சில மீண்டும் மீண்டும் பார்க்கத் தூண்டுகின்றன. சில ஒரு நிமிடத்திலேயே சலிப்பூட்டுகின்றன. பாட்டும் நல்ல பாட்டு, படமும் நல்ல படம். பின் ஏன் இந்த வேறுபாடு? பாட்டின் தாளமும் படத்தின் அசைவும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே ஓடுவதே காரணம். அவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு என்பதையும், இணைக்கும்போது நாம் மறக்கக்கூடாத ஒன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணிமையும் கைந்நொடியும்

இலக்கண வகுப்பில் மாத்திரை பற்றிப் படித்திருக்கிறோம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஒரு மாத்திரை என்பது எவ்வளவு நேரம்? மனிதர் இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் அளவு கூறுகின்றன. இமைப்பது கண்ணின் செயல். நொடிப்பது காதில் விழும் ஒலி. காலத்தை அளக்க நம் முன்னோர் கண்ணையும் காதையும் ஒரே தட்டில் வைத்தனர் என்பது எத்துணை வியப்புக்குரியது! நாம் பேசப்போகும் கலையின் வித்து அந்த ஓர் இலக்கண விதியிலேயே இருக்கிறது எனலாம்.

'அப்போகலிப்ஸ் நவ்' (1979) படத்தின் தொகுப்பாளர்களுள் ஒருவரான அமெரிக்கர் வால்டர் மர்ச்சும் கண்ணிமைப்பைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். ஓர் எண்ணம் முடிந்து அடுத்த எண்ணம் தொடங்கும் இடத்தில் மனிதர் கண் இமைக்கிறார். படத்தில் ஒரு காட்சியை வெட்டி அடுத்த காட்சிக்குச் செல்வதும் அத்தகைய இமைப்பே என்பது அவர் கருத்து. அப்படியானால் வேண்டாத இடத்தில் வெட்டுவது, பேசிக்கொண்டிருப்பவரின் கண்களை நாம் வலியப் பொத்துவது போன்றதன்றோ?

தாளத்தை எண்ணும் கணக்கு

வீடியோ என்பது உண்மையில் அசையும் படம் அன்று. அசையாத பல படங்கள் விரைந்து வரும்போது கண் அவற்றை அசைவாகக் கொள்கிறது. இப்படங்கள் ஒவ்வொன்றையும் பிரேம் என்பர். பேசும் படங்களில் நொடிக்கு 24 பிரேம்கள் என்பது வழக்கமாயிற்று. நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25. கைபேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேம்கள் எடுக்கின்றன.

பாட்டிற்கும் இதுபோல் ஓர் அளவு உண்டு. பாட்டைக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு விழுகிறதோ அதுவே அதன் வேகம். பிறகு வேண்டியது ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். 60-ஐத் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டின் நேரம் கிடைக்கும். அதனை 30-ஆல் பெருக்கினால் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்பது தெரிந்துவிடும்.

நிமிடத்திற்கு 60 தட்டு: ஒரு தட்டுக்கு 30 பிரேம்.
நிமிடத்திற்கு 90 தட்டு: ஒரு தட்டுக்கு 20 பிரேம்.
நிமிடத்திற்கு 100 தட்டு: ஒரு தட்டுக்கு 18 பிரேம்.
நிமிடத்திற்கு 120 தட்டு: ஒரு தட்டுக்கு 15 பிரேம்.

எல்லா நேரமும் கணக்கு இவ்வாறு முழு எண்ணாக வருவதில்லை. நொடிக்கு 25 பிரேம் உள்ள படத்தில் 120 தட்டுப் பாட்டைச் சேர்த்தால் ஒரு தட்டுக்கு 12½ பிரேம் ஆகிறது. அரை பிரேமை வெட்ட முடியாது. 'அரைதானே' என்று ஒவ்வொரு தட்டுக்கும் 12 பிரேமே வைத்துக்கொண்டு போனால் 50 தட்டுகளில் 25 பிரேம், அதாவது ஒரு முழு நொடி, படம் பாட்டை முந்திவிடும். எனவே 12, 13, 12, 13 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சிறு பிழைகளைக் கவனியாது விட்டால் அவை பெரும் பிழையாகச் சேர்கின்றன என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ!

திரைப்படங்கள் கற்பித்த பாடம்

இக்கணக்கை முதன்முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் கேலிச்சித்திரப் படம் எடுத்தவர்களே. 1928 நவம்பரில் வெளியான வால்ட் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' என்னும் மிக்கி எலிப் படத்தில், மெட்ரோனோம் எனும் தாளக் கருவியைக் கொண்டு ஒரு தட்டுக்கு எத்தனை படம் வரைய வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டனர். அதனால் மிக்கியின் ஒவ்வோர் அசைவும் இசையோடு பொருந்தியது.

நம் தமிழ்நாட்டுச் சான்று 'சந்திரலேகா'. எஸ். எஸ். வாசன் அவர்கள் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் தயாரித்து இயக்கி 1948-இல் வெளியிட்ட இப்படத்தின் முரசு நடனம் இன்றும் புகழுடன் பேசப்படுகிறது. எஸ். ராஜேஸ்வர ராவின் இசை, சந்துருவின் படத்தொகுப்பு. வரிசை வரிசையாக வைக்கப்பட்ட மாபெரும் முரசுகளின்மேல் பெண்கள் நின்று ஆடுகின்றனர். பாதம் முரசில் விழுவதும் முழக்கம் நம் காதில் விழுவதும் ஒன்றாகவே நிகழ்கின்றன. ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் பாய்ந்து வெளிவருகின்றனர். தாளம் இங்கே அலங்காரம் மட்டுமன்று. வில்லனையும் நம்மையும் மயக்கி, வீரர்களை மறைத்து வைத்து, கதையை நடத்திச் செல்வதே அந்தத் தாளந்தான்.

அடுத்தது 'தில்லானா மோகனாம்பாள்' (1968). அதில் நாதசுரம் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நடித்தவரோ சிவாஜி கணேசன். இசையை முதலில் ஒலிப்பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதனை ஒலிக்கச் செய்து, அதற்கேற்ப நடிப்பதே நம் திரையுலகின் முறை. விரல் துளையைத் திறக்கும் கணமும், கன்னம் உப்பும் கணமும், மூச்சு வாங்கும் கணமும் இசையோடு பொருந்தியதால்தான் அவரே வாசிப்பதாக நாம் நம்பினோம். இசையோடு பொருந்த வேண்டியது கைகால் மட்டுமன்று, மூச்சும்கூட என்பதே அப்படம் தரும் பாடம்.

அந்நாளில் படத்தொகுப்பாளர்கள் பிலிமைக் கையில் பிடித்து வெட்டி ஒட்டினர். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். 120 தட்டுப் பாட்டில் ஒரு தட்டுக்கு 12 பிரேம், அதாவது 9 அங்குலம். நம் பாட்டிமார் வழக்கில் சொன்னால் ஒரு சாண்! தாளத்தைச் சாண் போட்டு அளந்த தொழில் அது. பின்னாளில் 'காதலன்' (1994) படத்திற்காகச் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருதினைப் பி. லெனின், வி. டி. விஜயன் இருவரும் பெற்றனர். இன்று சாணும் கத்தரிக்கோலும் போய்க் கணினித் திரை வந்துவிட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை.

எங்கே வெட்டுவது?

தாளம் தெரிந்தவுடன் எல்லாரும் செய்வது, தட்டுக்குத் தட்டு வெட்டுவதாகும். இது எவ்வாறெனில், ஒவ்வொரு சொல்லுக்கும் பின் முற்றுப்புள்ளி இட்டு எழுதுவதைப் போன்றது. ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை உண்டு; ஆயினும் பாட்டின் சொற்றொடர் எட்டுத் துண்டுகளாக உடைவதில்லை. ஆகவே தாளத்தின் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கும் இடத்தில், அல்லது பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் காட்சியை மாற்றுவது நன்று. இடைப்பட்ட தட்டுகளை வெட்டினால் காட்டுவதைவிடப் படத்திற்குள் நிகழும் அசைவால் காட்டுவதே சிறப்பு.

படத்திற்குள் நிகழும் அசைவு என்றால் என்ன? ஒவ்வொரு செயலிலும் ஒரு தொடுகணம் உண்டு. கோலாட்டத்தில் கோலும் கோலும் மோதும் கணம். கும்மியில் கைகள் சேரும் கணம். தேர்பவனியில் தோள் கொடுப்போரின் பாதம் தரையில் ஊன்றும் கணம். குழந்தை தாயின் மடியில் வந்து விழும் கணம். இத்தொடுகணத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தாளத்தின் தட்டின்மேல் வைத்துவிட்டால், முன்னும் பின்னும் உள்ள அசைவு தானே பாட்டோடு பொருந்திவிடும். கோலாட்டத்தில் மோதலும் ஒலியும் தெளிவாகப் புலப்படுவதால் பயிற்சி செய்வோர் அதிலிருந்து தொடங்கலாம்.

கருநாடக இசை கற்கும் தோழியர் சமம், அதீதம், அனாகதம் என்னும் எடுப்புகளை அறிவர். தாளத்தோடு சேர்ந்தும், தாளத்திற்கு முன்னும், பின்னும் பாட்டு தொடங்கலாம். காட்சியும் அவ்வாறே. சரியாகத் தட்டின்மேல் வைக்க இயலாதபோது படம் சற்று முந்தலாமா, ஒலி முந்தலாமா? படம் முந்தலாம் என்பதே விடை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார். ஒலி பிந்தும்போதோ 125 மில்லிநொடி வரை உணர்வதில்லை. கைபேசிப் படத்தில் முன்னது ஏறக்குறைய ஒன்றரை பிரேம். பின்னது ஏறக்குறைய நான்கு பிரேம்.

இதற்குக் காரணம் இயற்கையே. ஒளி கணப்பொழுதில் வந்துவிடுகிறது. ஒலியோ காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில்தான் வருகிறது. மின்னலைப் பார்த்த பின்பே இடியைக் கேட்கிறோம். நூறு மீட்டர் தொலைவில் ஒருவர் சம்மட்டியால் முளை அடித்தால் அந்த ஓசை ஏறக்குறைய 9 பிரேம் தாமதமாகவே நம் கைபேசிக்கு எட்டும். பிறந்த நாள் முதல் ஒலி பிந்தி வருவதற்கே பழகிய காதுக்கு, அது முந்தி வந்தால் பொய்யெனத் தோன்றுவது இயல்பன்றோ?

உப்பளத்தில் ஒரு சோதனை

வானூரிலிருந்து வடகிழக்கே மரக்காணம் நோக்கிச் சென்றால் கழுவெலியை அடுத்து உப்பளங்கள் வெண்ணிறமாக விரிகின்றன. உப்பு விளையும் விதத்தைப் பள்ளிக் கண்காட்சிக்காக வகுப்புத் தோழியர் ஐவர் சேர்ந்து வீடியோவாக எடுத்தோம். எங்களுள் ஒருத்தியின் தாயார் அங்கே வேலை செய்பவர். பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பாத்தியின் அடியில் படிந்த உப்பை, நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரி வரப்போரம் சேர்க்கின்றனர். பின் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து குவியலில் கொட்டுகின்றனர். மழைக்காலம் வருமுன் குவியல்களைக் கீற்றால் மூடுகின்றனர்.

அந்த அம்மா ஒருமுறை பலகையை இழுத்து முடிக்க ஏறக்குறைய 4 நொடி ஆனது. இதை அறிந்துகொண்டு, ஒரே காட்சிகளை வைத்து வேண்டுமென்றே இருவகையாகத் தொகுத்துப் பார்த்தோம்.

முதல் வகையில் நிமிடத்திற்கு 120 தட்டு உள்ள துள்ளலான இசை. இரு தட்டுக்கு ஒரு வெட்டு, அதாவது ஒரு காட்சிக்கு ஒரு நொடி. நான்கு நொடி இழுப்பு ஒரு நொடிக்குள் அடங்க வேண்டுமே! எனவே இழுப்பின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்து, நடுவிலுள்ளதை நீக்கினோம். சில இடங்களில் படத்தை நான்கு மடங்கு விரைவாக ஓடவிட்டோம். தாளத்தில் ஒரு பிழையும் இல்லை. பார்த்த தோழியர் கைதட்டினர்.

இரண்டாம் வகையில் நிமிடத்திற்கு 60 தட்டு உள்ள மெதுவான மத்தள ஒலி. ஓர் இழுப்புக்கு 4 தட்டு. ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு இழுப்பு. பலகை வரப்பைத் தொடும் கணம் தட்டின்மேல் விழுமாறு வைத்தோம். பலகை உப்பின்மேல் உரசும் உண்மை ஓசையையும் விட்டுவைத்தோம். மூன்றாம் இழுப்புக்குப் பின் அந்த அம்மா நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, சற்று நின்றுவிட்டே மீண்டும் குனிகிறார். அந்த நிற்பு எந்தத் தாளத்திலும் அடங்கவில்லை. அதனை வெட்டாமல், அவ்விடத்தில் மத்தளத்தை நிறுத்தி வைத்து, அவர் குனிந்த பின்பே தொடரச் செய்தோம்.

இரண்டையும் அவரிடமே காட்டினோம். முதலாவதைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா இதுல எனக்கு முதுகு வலிக்கலையே" என்றார். இரண்டாவதைப் பேசாமல் பார்த்தார். நிமிரும் இடம் வந்ததும் தம் மகளின் தோளைத் தொட்டு, "இந்தா, இங்க நிக்கிறேன் பாரு, அது நெசம்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் இக்கலையின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். முதல் படத்தில் நாங்கள் எதையும் புதிதாகப் புனையவில்லை. எடுத்த காட்சிகள் அனைத்தும் உண்மையே. ஆயினும் வேலை விளையாட்டாகிவிட்டது, வெயில் போய்விட்டது, உடல் வருத்தம் மறைந்துவிட்டது. பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை நாவிற்கு மட்டும் உரியதா? கத்தரிக்கும் கைக்கும் உரியதே. கண்காட்சியில் இரண்டாவது படத்தையே வைத்தோம்.

இதனால் துள்ளலான இசையே தவறு என்று கொள்ளலாகாது. விளையாட்டு விழாவின் ஓட்டப்பந்தயத்திற்கும், பொங்கலன்று பானை பொங்கும் மகிழ்ச்சிக்கும் அதுவே ஏற்றது. செயலுக்குத் தன் தாளம் ஒன்று உண்டு. அதற்குப் பொருந்தும் இசையைத் தேடுங்கள், இசைக்காகச் செயலை வளைக்காதீர்கள் என்பதே நான் கூற விழைவது.

செய்முறைக் குறிப்புகள்

1. படம் எடுக்கும்போது ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் காமிராவிற்கு முன் ஒருமுறை கை தட்டுங்கள். திரைப்படத்தார் கிளாப் பலகை அடிப்பது இதற்காகவே. ஒலியைத் தனியாகப் பதிவு செய்திருந்தால், கை சேரும் பிரேமையும் தட்டும் ஒலியையும் ஒன்றாக்கிப் பொருத்திவிடலாம்.

2. ஒவ்வொரு செயலையும் முழுமையாக எடுங்கள். தொடங்குமுன் இரண்டு நொடி, முடிந்தபின் இரண்டு நொடி கூடுதலாக இருக்கட்டும். இல்லாததை ஒட்ட முடியாது.

3. தொகுக்குமுன் இசையை ஒலியின்றிப் படத்தோடு அல்ல, படமின்றித் தனியே கண்மூடி மூன்று முறை கேளுங்கள். எங்கே சுற்று முடிகிறது, எங்கே இசை தணிகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கணினியில் கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருளில் ஒலி, மேடு பள்ளமான அலைவடிவமாகத் தெரியும். திடீரென உயரும் மேடே தட்டு. அங்கெல்லாம் குறியிடுங்கள். ஆயினும் கண்ணால் கண்ட மேட்டைக் காதாலும் ஒருமுறை சரிபாருங்கள்.

5. முதலில் தொடுகணங்களைத் தட்டுகளின்மேல் வையுங்கள். வெட்டுகளைப் பிறகு முடிவு செய்யுங்கள்.

6. கைபேசிப் படங்களில் நொடிக்குரிய பிரேம் எண்ணிக்கை சில வேளைகளில் ஒரே சீராக இராது. நீண்ட துண்டுகளில் ஒலி மெல்ல விலகிப்போவது இதனாலேயே. அத்தகைய படத்தை முதலில் சீரான 30 அல்லது 25 பிரேமுக்கு மாற்றிக்கொள்வது நலம்.

7. திரைப்பாடலுக்கு உரிமையாளர் உண்டு. நம் கும்மியையும், கைத்தட்டலையும், பாடகர் குழுவின் மத்தளத்தையும் நாமே பதிவு செய்துகொண்டால் உரிமைச் சிக்கல் இல்லை; வேகத்தையும் வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம்.

8. முடித்தபின் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். இசையில்லாமலும் அதில் ஒரு நடை தெரிந்தால் வேலை நன்றாக முடிந்தது என்று கொள்ளலாம்.

முடிவுரை

நாம் எடுக்கும் வீடியோக்கள் பல்லாண்டு நிலைக்கக் கூடியவை. இன்று அடுப்படியில் நிற்கும் பாட்டியையும், களத்தில் நிற்கும் தந்தையையும், உப்பளத்தில் குனியும் தாயையும் நாளை நம் பிள்ளைகள் இவற்றின் வழியாகவே காண்பர். அவர்கள் எப்படி நடந்தார்கள், எவ்வளவு மெதுவாகத் திரும்பினார்கள், எந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றார்கள் என்பதெல்லாம் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கின்றன. தாளத்தைக் கற்போம், கணக்கைக் கற்போம், அதற்கு மேலாக, நம் அன்பிற்குரியவர்கள் நிமிர்ந்து நிற்கும் அந்த நான்கு தட்டு நேரத்தை வெட்டாமல் காக்கக் கற்போமாக!